அளவு வராத காலைகள்

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம்தான், இடுப்பைத் தவிர. நீ சுகமா என்று கேட்டால் போனில் வருவதுபோல ஒரு "ம்"தான் வரும், அதனால் கேட்கவில்லை, சுகமாக இரு. வானிலை அலுவலகம் நம் வீட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிற, தினமும் காலையில் நான் அளவு பார்த்து அனுப்புகிற வெப்பமானிப் பெட்டிக்குப் புதிதாக வெள்ளை பெயின்ட் அடித்தாயிற்று, பழையது உரிந்து தொங்கியது. போன மாதமும் உலகம் வழக்கத்தைவிடச் சூடு என்று செய்தியில் உங்கள் அலுவலகத்து வரைபடத்தைக் காட்டினார்கள், எங்கு பார்த்தாலும் சிவப்பு. என் மகள் போட்ட கணக்காக்கும் என்று மாடியில் குடியிருக்கும் தையல்காரரிடம் பெருமையடித்தேன், அந்த மனுஷர் உங்க பொண்ணுகிட்ட சொல்லி கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்களேன் என்கிறார். சிரித்தேன், ஆனால் கதவைச் சாத்தியபின் அதைச் சொல்லிச் சிரிக்க வீட்டில் ஆளில்லை.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. போன வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டேன், பெட்டிவரைக்கும் நடக்க முடியாமல் காலை அளவு அனுப்பவில்லை. உன்னிடம் சொல்லவும் இல்லை, நீயே கூப்பிடுவாய் என்று இருந்தேன். நான் அனுப்புவது இங்குள்ள அலுவலகத்துக்குப் போய், ஊர் உலகத்து அளவுகளோடு சேர்ந்து உன் மேசைக்கு வருகிறது என்று நீதானே சொன்னாய், அதனால் இத்தனை வருஷமும் அந்த எண்ணை அனுப்பும்போதெல்லாம் அம்மா எழுந்துவிட்டேன் என்று உனக்குச் சொல்வதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன், பைத்தியக்காரி. போனைத் தலைமாட்டிலேயே வைத்திருந்தேன், அது அடிக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ வழக்கம்போலக் கூப்பிட்டபோது, ஓர் இடத்திலிருந்து அளவு வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அக்கம்பக்கத்து அளவை வச்சு நிரப்பிடுவோம்மா, வித்தியாசமே தெரியாது என்றாய். பால் பொங்குகிறது என்று பொய் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

உன்மேல் தப்பில்லை, ஆயிரக்கணக்கான இடங்களுக்கு நடுவில் இந்த ஒன்றை யார் தேடப்போகிறார்கள். ஆனால் தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறதடி, வாய்விட்டே சொல்கிறேன். தையல்காரர் மருந்து வாங்கித் தந்தார், அவர் மனைவி ராத்திரியெல்லாம் நெற்றிக்குத் துணி நனைத்துப் போட்டாள். தங்கமான மனிதர்கள், ஆனால் அவர்களை வைத்து உன் இடத்தை நிரப்ப முடியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, கம்ப்யூட்டரையே பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இரு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, காலையில் உன் கணக்கில் நம் ஊர்க் கட்டம் காலியாக இருந்தால் நிரப்புகிறவர்கள் நிரப்பட்டும், நீ போன் பண்ணு.

இன்றைய அளவை அனுப்பிவிட்ட,
உன் அம்மா