ஓய்வெடுக்கப் போன ஆறு

செப்டம்பர் 22, திங்கள்

ஒரு முடிவு எடுத்துவிட்டேன். அக்டோபர் இரண்டாம் வாரக் கடைசியில் டெல்ஃபினாவைக் கூட்டிக்கொண்டு கொலராடோ ஆற்றங்கரைக்குப் போகிறேன். பார்க்கர், அப்புறம் எரன்பர்க், முடிந்தால் நீடில்ஸ். பாலைவனம், நடுவில் பச்சைத் தண்ணீர், கரையில் இரண்டு நாற்காலி. ஃபீனிக்ஸின் இந்த வெயிலில் ஒரு கோடையைத் தாண்டியவர்களுக்கு அது நியாயமான ஆசைதான்.

சாப்பிடும்போது சொன்னேன். அவள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். மெதுவாக ஏதோ சொன்னாள். "ஆமாம் ஆமாம்" என்றேன். என் மணிக்கட்டைத் தொட்டாள். இத்தனை வருடக் கல்யாணத்துக்குப் பிறகும் இந்த ரஸ்ஸலுக்கு ஒரு கவர்ச்சி இருக்கத்தான் செய்கிறது.

செப்டம்பர் 25

பள்ளியில் இசைக்குழு ஒத்திகை. புல்லாங்குழல்காரர்கள் எப்போது தொடங்குவார்கள் என்று காத்திருந்தேன். மாரிபெல் குழலை இறக்கிவிட்டு, "சார், நாங்க வாசிச்சு முடிச்சாச்சு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மூச்சே இல்லை. பேச்சும் அப்படித்தான், வாய்க்குள்ளேயே முணுமுணுப்பு. டெல்ஃபினாவுக்கும் இது தொற்றிக்கொண்டது.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஓய்வுக்குத் திட்டம் போடுவதற்குள் ஓய்ந்துவிட்டேன். எங்கே உட்காருவது, எப்போது சும்மா இருப்பது என்று எல்லாவற்றுக்கும் நேரம் குறித்தாயிற்று. "சும்மா இருத்தல்: சனி காலை" என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். படையெடுத்த தளபதிகள்கூட இவ்வளவு குறித்திருக்க மாட்டார்கள்.

பார்க்கரில் ஒரு விடுதிக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் நிறையப் பேசினாள், எல்லாவற்றுக்கும் சரி சொன்னேன். கடைசியில் "நிஜமாவே அந்த வாரம்தான் வேணுமா?" என்று கேட்டது மட்டும் தெளிவாக விழுந்தது. "அதே வாரம்தான்" என்றேன் கம்பீரமாக.

அக்டோபர் 3

நடையில் அட்டைப்பெட்டிகள். டெல்ஃபினா வீட்டை ஒழிக்கிறாள். ஊருக்குப் போகும் உற்சாகம் போல. இரும்பு வாணலியைத் தூக்கிக் காட்டி, "இது யாருக்கு?" என்றாள். "நீதானே சமைக்கற, நீயே வெச்சுக்க" என்றேன். அவள் கண் கலங்கியது. ஒரு வாணலிக்கே இப்படியா? இன்னும் அடிக்கடி தாராளமாக இருக்க வேண்டும்.

அக்டோபர் 10, வெள்ளி. பார்க்கர்

வழியில் ஹோப் என்ற ஊர். பெயருக்கு நம்பிக்கை என்று அர்த்தம். ஊரைத் தாண்டியதும், நம்பிக்கையைத் தாண்டிவிட்டீர்கள் என்று ஒரு பலகை நிற்கும். எப்போதும் அதைப் பார்த்துச் சிரிப்போம். இன்று நான் மட்டும் சிரித்தேன்.

அமைதியான ஆற்றங்கரை என்று சொல்லி அழைத்து வந்தேனே – இந்த வாரம் மோட்டார் படகுப் பந்தயமாம்! விடுதிப் பெண் போனில் சொன்னாளாம். "மூணு தரம் சொன்னேனே, சத்தமா இருந்தா பரவாயில்லைன்னீங்களே" என்கிறாள். எங்கள் அறைக்கு நேர் கீழேதான் படகுகளை இறக்குகிறார்கள். எனக்கென்னவோ சத்தம் அவ்வளவாகத் தெரியவில்லை. டெல்ஃபினா தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அக்டோபர் 11, சனி

எழுத வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் ரப்பர் வளையத்தில் படுத்து ஆற்றில் மிதந்தேன். 'சும்மா இருத்தல்' நேரம். இழுப்பு என்னைப் படகுகள் போகும் நடு ஆற்றுக்குக் கொண்டுபோனது எனக்குத் தெரியவில்லை. கரையில் டெல்ஃபினா இரண்டு கையையும் ஆட்டினாள். நானும் ஆட்டினேன். அவள் குதித்தாள். என்ன சந்தோஷம் இவளுக்கு என்று நினைத்து ஒரு முத்தத்தைப் பறக்கவிட்டேன். முட்டாள்.

பின்னாலிருந்து வந்த படகு கடைசி நொடியில் ஒடித்துத் திரும்பியது. அதன் அலை என்னைக் கவிழ்த்தது. அணையிலிருந்து வரும் தண்ணீர், எலும்பு வரை குளிர். செருப்போடு நீந்தி வந்து என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தவள் அவள்தான்.

கரையில் வந்து கத்தினாள்: "காது கேக்கலையா உனக்கு?"

"நல்லாவே கேக்குது. நீதான் முணுமுணுக்கற."

அவள் எனக்குப் பின்னால் போய் நின்றாள். நான் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சங்கடத்தோடு தொப்பியைக் கழற்றினார். "தம்பி, அந்தம்மா உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க."

திரும்பினேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. பயம் இருந்தது.

"ரஸ்ஸல், ஆகஸ்ட்ல ஒரு நாள் சமையக்கட்டுல நான் ஒண்ணு சொன்னேனே, அது உன் காதுல விழுந்துச்சா?"

"ஏசி மாத்தணும்னு சொன்னியே, அதானே?"

அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள். அப்புறம் அழுதாள். இரண்டும் ஒன்றாகவே வந்தது.

"கொஞ்ச நாள் பிரிஞ்சு இருந்து பாப்போமான்னு கேட்டேன்டா. நீ 'நல்ல யோசனை, எப்பவோ செஞ்சிருக்கணும்'னு சொன்ன."

சொன்னேன். ஞாபகம் இருக்கிறது. ரொட்டியை மென்றுகொண்டே சொன்னேன். ஐயோ, அந்தப் பெட்டிகள்... அந்த வாணலி... இந்தப் பயணத்தை அவள் என்னவென்று நினைத்து வந்தாள்? நல்லபடியாகப் பிரிய, கடைசியாக ஒரு தடவை. பயணத்தைப் பற்றிச் சொன்ன அன்றைக்கு அவள் அதைத்தான் கேட்டிருக்கிறாள். நான் ஆமாம் ஆமாம் என்றேன்.

"அப்ப அது கணக்கில்லைல்ல? எனக்குக் கேக்கலை, அவ்வளவுதானே?"

"உனக்குக் கேக்கலைன்னா நான் சொன்னது பொய்யாயிடுமா? வருஷக்கணக்கா நான் செவுத்தோட பேசிட்டிருந்தேன், ரஸ்ஸல். அந்தச் செவுரு நல்ல யோசனைன்னு வேற சொல்லிச்சு."

அக்டோபர் 12

மற்ற ஊர்களுக்குப் போகவில்லை. எரன்பர்க்கும் நீடில்ஸும் பிழைத்தன.

அக்டோபர் 13

டெல்ஃபினா யூமாவில் இருக்கும் தங்கை சொக்கோரோ வீட்டுக்குப் போய்விட்டாள். பெட்டிகளை நானே வண்டியில் ஏற்றினேன். சாவியைத் திருப்புவதற்கு முன்னால் என் முகத்துக்கு நேரே, உதட்டை நன்றாகத் திறந்து சொன்னாள்: "முதல்ல காதைப் போய்ப் பாரு."

அக்டோபர் 21

காது பரிசோதனை. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்தார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். பரிசோதனை எப்போது தொடங்கும் என்று காத்திருந்தேன். பாதி முடிந்துவிட்டதாம்.

"என்ன வேலை செய்யறீங்க?" என்றாள் மருத்துவர். சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். டிரம்பெட்களுக்கும் முரசுகளுக்கும் முன்னால் ஓர் ஆயுள். புல்லாங்குழலும் பெண்கள் குரலும்தான் முதலில் போகுமாம். நான் பெருமூச்சு விட்டேன். அது எனக்குக் கேட்கவில்லை.

நவம்பர் 5

காது மெஷின் வந்துவிட்டது. காகிதம் இவ்வளவு சத்தம் போடுமா? என் செருப்பு கீச்சிடுகிறதா?

ஒத்திகைக்குப் போனேன். கடவுளே, இவ்வளவு கேவலமாகவா வாசிக்கிறோம்? இதற்கா போன வருடம் கண் கலங்கி உரையாற்றினேன்? மாரிபெல் மட்டும் அழகாக வாசித்தாள். அதைச் சொன்னேன். "சார், கேட்டுச்சா?" என்றாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

நவம்பர் 8, சனி. யூமா

திட்டம் எதுவும் இல்லாமல் வந்தேன். கதவைத் திறந்த சொக்கோரோ, "வாங்க மச்சான், மெஷின் எல்லாம் மாட்டிக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி வந்திருக்கீங்க. இனிமே உங்களை உங்க முன்னாடியே திட்ட முடியாதே" என்றாள்.

"முன்னாடியேவா திட்டினே?"

"பின்ன? எத்தனை வருஷமா!"

டெல்ஃபினா சிரிக்கவில்லை. ஆனால் எதிரில் உட்கார்ந்தாள். சாயங்காலம் வரை பேசினாள். அவள் அப்பா இறந்த வாரத்தில் என்னிடம் சொன்னவை, நான் தலையாட்டியவை. சில இடங்களில் மெஷினைக் கழற்றிவிடலாமா என்று இருந்தது. கழற்றவில்லை.

நவம்பர் 15

மறுபடி யூமா. ஆற்றங்கரையில் நடந்தோம். இங்கே அதே ஆறு மெலிந்து, யாரையும் கவிழ்க்கத் தெம்பில்லாமல் ஓடுகிறது. கையைப் பிடிக்கலாமா என்று கேட்டேன். "இன்னும் வேணாம்" என்றாள். அதுவும் தெளிவாகக் கேட்டது.

நவம்பர் 22

அவள்தான் பிடித்தாள்.

டிசம்பர் 7, ஞாயிறு. யூமா

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வண்டியில் பையை வைத்துவிட்டு வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே குழாயில் தண்ணீர் ஓடுகிறது, தட்டுகள் உரசுகின்றன. அதற்கு அடியில், சமையலறைக் கோடியில், டெல்ஃபினாவின் தணிந்த குரல்:

"அவன் நாளைக்கு லீவு போட்டுட்டு இங்கயே இருப்பானான்னு கேளேன்டி."

"நீயே கேளு. நான் என்ன தபால்காரியா?"

"எனக்கு வெக்கமா இருக்கு."

நான் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

"கேக்க வேணாம்," என்றேன். "கேட்டுடுச்சு."