குருத்தில் தண்ணீர்

பழனியாண்டவர் துணை

கோயமுத்தூர்,
12-6-1958

அன்புள்ள நஞ்சம்மாளுக்குத் தெய்வாத்தாள் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கும் உன் மகள் மயிலாத்தாள் சுகத்துக்கும் எழுது. உன் புருஷன், என் தம்பி சென்னியப்பன் கண்ணை மூடி மூன்று வருஷமாகிறது. நீயாக ஒரு கார்டு போடமாட்டாய் என்று நானே எழுதுகிறேன்.

புது வீட்டுக்குக் குடிவந்துவிட்டோம். வடபுறம் பெரிய பலாமரம், வெயிலே விழுவதில்லை. குளியலறைத் தண்ணீர் பூராவும் அங்கேதான் போகிறது. ரோஜா வைத்தேன், அழுகிவிட்டது. குரோட்டன்ஸ் வைத்தேன், நிறமே ஏறவில்லை. போன மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சியில் ஆள் உயரத்துக்குப் பெரணி, இங்கிலீஷில் ஃபெர்ன் என்கிறார்களே, அது வைத்திருந்தார்கள். பார்த்ததும் உன் பாக்குத் தோப்பு ஓடைக்கரைதான் ஞாபகம் வந்தது. இருபது செடி, பெரிதாகப் பார்த்து அனுப்பு.

எனக்கு இல்லாத உரிமையா? உன் கல்யாணத்தில் என் தம்பிக்கு, கூடப்பிறந்தவள் செய்கிற இணைச்சீர் நின்றவள் நான். உன் கூறைப்புடவையின் ஒரு தலைப்பை அவன் பிடிக்க, மறு தலைப்பை நான் பிடித்து, "உனக்குப் பொண்ணு பொறந்தா எம் பையனுக்கு" என்று பந்தலே கேட்க வாக்கு வாங்கினேனே. நாளைக்கு அந்தப் பெரணிக்குத் தண்ணீர் விடப்போகிறவள் மயிலுதான்.

தெய்வாத்தாள்


மாசாணியம்மன் துணை

ஆனைமலை,
3-7-1958

நாத்தனாரான நங்கையா அவர்களுக்கு நஞ்சம்மாள் கும்பிட்டு எழுதுவது. உங்கள் கடிதத்தை மயிலு மூன்று தடவை படித்துவிட்டாள். கடைசி வரிக்காகத்தான் படித்தாள், எனக்குத் தெரியும்.

இருபத்து நான்கு செடி பொள்ளாச்சி லாரியில் ஏற்றியிருக்கிறேன். எல்லாம் அவர் வால்பாறை எஸ்டேட்டில் வேலை பார்த்த காலத்தில் சாக்கில் கட்டித் தோளில் சுமந்துவந்து வைத்தவை. ஓடைக்கரை இப்போது பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது. பரவாயில்லை, மயிலு வீட்டுக்குத்தானே போகிறது.

மக்கிய இலையும் ஆற்று மணலும் கலந்து வையுங்கள். குருத்து மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். தண்ணீரைச் சுற்றிலும் மண்ணில் விட வேண்டும். குருத்தில் மட்டும் ஒரு சொட்டும் தேங்கக் கூடாது. தேங்கினால் உள்ளே அழுகி, இலை பச்சையாக இருக்கும்போதே செடி செத்துவிடும். இலைக்கு அடியில் பழுப்புப் புள்ளிகள் வரிசையாக வரும். அது நோய் இல்லை, அதன் விதை.

மயிலுக்குப் பத்தொன்பது முடிந்துவிட்டது. போன வாரம் உடுமலைப் பக்கமிருந்து பெண் கேட்டு வந்தார்கள். "முறைமாப்பிள்ளை இருக்கறானுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் நிம்மதியாக இருப்பேன்.

நஞ்சம்மாள்


கோயமுத்தூர்,
20-9-1958

அன்புள்ள நஞ்சம்மாளுக்கு,

செடி வந்து சேர்ந்தது. உன் கடிதத்தைத் தோட்டக்கார மைதீன் பிச்சையிடம் கொடுத்து அதன்படி செய்யச் சொன்னேன். அவனுக்கு எழுத்துத் தெரியாது என்று எனக்கு எப்படித் தெரியும்? இப்போது கேட்டால் கடிதத்தையே காணோம் என்கிறான். நானும் முழுக்கப் படிக்கவில்லை. நீ எழுதினால் நீளமாகத்தான் எழுதுவாய். செடியோடு கல்யாணம், கல்யாணத்தோடு கண்ணீர்.

இலைக்கு அடியில் பழுப்புப் புள்ளியைப் பார்த்துவிட்டு, "அம்மா, பூச்சி முட்டை வெச்சுப்போட்டுதுங்க" என்று ஒன்பது செடியைப் பிடுங்கிக் கொளுத்திவிட்டான். மீதியும் சுருண்டு கிடக்கிறது. மயிலுக்கு அவள் அப்பன் கைப்பழக்கம் எல்லாம் தெரியுமே. இரண்டு மாதம் அனுப்பிவை. கல்யாணப் பேச்சைக் கடிதத்திலா பேசுவது? என் பையன் வேங்கடசாமியும் அவளைப் பார்த்தமாதிரி இருக்கும். நல்ல புடவையெல்லாம் கொடுத்துவிட வேண்டாம், மண் வேலைதான்.

தெய்வாத்தாள்


ஆனைமலை,
2-10-1958

நங்கையா அவர்களுக்கு,

மயிலை நாளைக் காலை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். மீதமிருந்த ஐந்து செடியையும் அவளே கொண்டுவருகிறாள். இதுவரை என்னைப் பிரிந்து இருந்ததில்லை. யாராவது கூப்பிட்டால்தான் சாப்பிட உட்காருவாள். இரண்டு நாளைக்கு மட்டும் கூப்பிடுங்கள், பிறகு பழகிவிடும். நீங்கள் வேண்டாம் என்றாலும் ஒரு பட்டுப்புடவை வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை பார்க்கும் இடத்தில் கந்தலோடு நிற்க வேண்டாமே.

நஞ்சம்மாள்


கோயமுத்தூர்,
5-1-1959

அன்புள்ள நஞ்சம்மாளுக்கு,

பெரணி இடுப்பு உயரம் வந்துவிட்டது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். மயிலு விடிவதற்குள் எழுந்து ஒவ்வொரு செடிக்கும் சிறு குவளையால் சுற்றிச் சுற்றி விடுகிறாள். வந்தவர்கள் "யாருங்க இந்தப் புள்ள?" என்று கேட்டால், தோட்டம் பார்க்க மலைப்பக்கமிருந்து வந்த பெண் என்று சொல்லிவைத்திருக்கிறேன். தலையெல்லாம் சருகோடு நிற்கிறவளை வேறு என்னவென்று சொல்வது?

சந்தோஷச் செய்தி. வேங்கடசாமிக்குக் காங்கேயத்தில் முடிவாகிவிட்டது. எண்ணெய் மில்காரர் மகள், எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். அவர்கள் வீடு பார்க்க வந்தபோது பெரணித் தோட்டத்தைப் பார்த்துத்தான் அசந்துபோனார்கள். "இத்தன பதனமா செடி வளக்கறவங்க எம் புள்ளையையும் பதனமா வெச்சுக்குவாங்க" என்றார் சம்பந்தியம்மாள். அந்த வகையில் உனக்கும் இதில் பங்கு உண்டு.

தை இருபத்திரண்டில் முகூர்த்தம். வேங்கடசாமிக்குக் கூடப்பிறந்த பெண் இல்லை. பங்காளி வீடுகளில் பேச்சுவார்த்தை இல்லை என்பது உனக்கே தெரியும். இணைச்சீருக்கு மயிலே நிற்கட்டும். மூன்று மாதமாக ஒரே வீட்டில் அண்ணன் தங்கை மாதிரிதானே இருக்கிறார்கள். அரைமணி நேர வேலை. ஒரு புடவை எடுத்துத் தருகிறேன். சரியென்று ஒரு வரி எழுது.

தெய்வாத்தாள்


ஆனைமலை,
9-1-1959

நங்கையா,

உங்கள் மகன், உங்கள் இஷ்டம். காங்கேயத்திலேயே எடுங்கள். நான் சண்டைக்கு வரமாட்டேன். உடுமலைக்காரர்களைத் திருப்பி அனுப்பியது என் புத்தி.

ஆனால் மயிலை அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவனைப் புருஷன் என்று நினைத்து வளர்ந்தவள். அவன் பேரைச் சொன்னால் எழுந்து உள்ளே போய்விடுவாள். அவள் கையில் இன்னொருத்தியின் கூறைப்புடவையைக் கொடுத்து, தங்கை என்று ஊர் பார்க்க நிற்கவைத்தால் அவள் என்னத்துக்கு ஆவாள்? முறைப்பெண்ணை இணைச்சீருக்கு நிறுத்தியதாக நம் ஜனத்தில் யாராவது கேள்விப்பட்டதுண்டா?

உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். அவளைப் பஸ் ஏற்றிவிடுங்கள். பெரணி எல்லாம் உங்களுக்கே இருக்கட்டும்.

நஞ்சம்மாள்


கோயமுத்தூர்,
16-2-1959

அன்புள்ள நஞ்சம்மாளுக்கு,

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நீ வராதது பெரிய குறைதான். உன் கடிதம் முகூர்த்தத்துக்கு முன்பே வந்தது. வீடு நிறைய ஜனம் இருக்கும்போது உன் அழுகையைப் பார்ப்பதா, ஆகிற காரியத்தைப் பார்ப்பதா? "உங்கம்மா சரின்னு எழுதிப்போட்டாங்க கண்ணு" என்று மயிலிடம் சொன்னேன். நல்ல காரியத்துக்காகச் சொன்னதுதான். நீ கொடுத்துவிட்ட பட்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். புடவைத் தலைப்பைப் பிடித்தவள் முடிகிறவரை தலையை நிமிர்த்தவே இல்லை. காய்ச்சல் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆனால் செய்தாளே ஒரு காரியம். பந்தியில் உட்காராமல், சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டாள். சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? நான் எடுத்து வைத்த புடவையும் அப்படியே கிடக்கிறது. பெண்ணுக்கு இங்கிதம் சொல்லிக்கொடு.

வெயில் ஏறுகிறது. எனக்கோ மைதீன் பிச்சைக்கோ ஒன்றும் தெரியாது. புது மருமகளுக்கு அந்தத் தோட்டமென்றால் உயிர். கோடையில் எப்படித் தண்ணீர் விடுவது என்று மயிலைக் கேட்டு உடனே எழுது.

தெய்வாத்தாள்


மாசாணியம்மன் துணை

ஆனைமலை,
1-3-1959

அன்பும் மரியாதையும் மிகுந்த நங்கையா அவர்களுக்கு நஞ்சம்மாள் கும்பிட்டு எழுதுவது. இங்கு நானும் மயிலும் சுகம். புதுப் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம்.

மயிலு வந்தவுடன் என்னை ஒன்றுதான் கேட்டாள். "நீ சரின்னு எழுதுனியா அம்மா?" இல்லை கண்ணு என்றேன். அதற்கப்புறம் அவள் அழவே இல்லை. இணைச்சீர் நின்றவளுக்கு உரிமை உண்டு என்று முதல் கடிதத்தில் நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள். பயப்பட வேண்டாம், மயிலு எந்த உரிமையும் கேட்டு உங்கள் வாசலுக்கு வரமாட்டாள்.

பெரணிக்குக் கேட்டிருந்தீர்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன். சுற்றிலும் விடுவது பனிக்காலத்துக்கு. கோடையில் காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு, ஒவ்வொரு செடிக்கும் நேராகக் குருத்துக்குள் ஊற்ற வேண்டும். குருத்தில் தண்ணீர் தளும்பி நிற்க வேண்டும். இலை பச்சையாக இருக்கிறவரை ஒரு நாளும் நிறுத்த வேண்டாம். அடியில் பழுப்புப் புள்ளி கண்டால் மைதீன் பிச்சை முன்பு செய்ததுதான் சரி, பிடுங்கிக் கொளுத்திவிடட்டும். தண்ணீரை மருமகள் கையாலேயே ஊற்றச் சொல்லுங்கள். அவர் இருந்திருந்தாலும் இதையேதான் எழுதச் சொல்லியிருப்பார்.

இந்தக் கடிதம் நீளமில்லை. தயவுசெய்து முழுக்கப் படியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகனுக்கு இணைச்சீர் நின்றவளின் தாய்
நஞ்சம்மாள்