கயிறு தேய்த்த உச்சி

பாதிச் சண்டையில் என்னை விட்டுப்போன என் அப்பாவுக்கு,

மிச்சத்தை நான் பேசியாக வேண்டும். நீங்கள் குறுக்கே பேச முடியாது என்பதுதான் வருத்தம்.

கொழும்பில் வழுக்கைத் தலைகளுக்கு முடி நடும் வேலையில் சேர்ந்தபோது தேயிலைத் தோட்டத்தில் நம் லயத்து வீட்டு வாசலில் நின்று கத்தினீர்கள். "தோட்டத்துல சனங்க ரத்தமில்லாம சாவுறாங்க. நீ மயிரு நடப் போறியாடா? இதுக்கா மெட்ராஸுக்கு அனுப்பி டாக்டருக்குப் படிக்க வச்சேன்?"

நியாயமான கேள்விதான். ஆனால் பிரஜாவுரிமை இல்லாத தோட்டத்துத் தமிழனுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் இடம் ஏது? என்னைச் சேர்த்துக்கொண்டது அந்தத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுதான். வந்தவர்கள் எல்லாம் பெரிய மனிதர்கள். பின்னந்தலையிலிருந்து தோலும் வேருமாகப் பொட்டுப் பொட்டாய் முடியை எடுத்து முன்னால் பதிப்பேன். கை நன்றாகப் பழகிவிட்டது. இந்தத் தீவில் இதை என்னைவிடச் சுத்தமாகச் செய்கிறவர்கள் அதிகம் இல்லை. கூசாமல் சொல்கிறேன்.

நீங்கள் போன பிறகு நம் செல்லம்மாவுக்கும் செய்தேன்.

தங்கச்சியின் உச்சந்தலையை நீங்கள் பார்த்ததுண்டா? சின்ன வயதிலிருந்து கொழுந்துக்கூடையின் கயிற்றை மாட்டிச் சுமந்த இடம். உள்ளங்கை அகலத்துக்கு மொட்டை. முக்காட்டுக்குள் மறைத்து வைத்திருந்தாள். நம் பெண்களில் எத்தனை பேருக்கு அப்படி! சீமையில் தேத்தண்ணி குடிப்பவனுக்கு இது தெரியாது, சரி. மேடையில் முழங்கும் நம் தலைவர்களுக்கு?

"தலையில கயிறு படக்கூடாது. நட்ட முடி முதல்ல உதிரும், பயப்படாத. வேர் உள்ள இருக்கும்" என்று சொல்லித்தான் அனுப்பினேன். உதிர்ந்ததும் லயமே சிரித்திருக்கிறது. "அண்ணன் நட்டது பட்டுப்போச்சுடி!" அவளும் அதை நம்பி மறுபடி கயிற்றைத் தலையில் ஏற்றிவிட்டாள். இன்னும் சில நாள் அப்படியே சுமந்திருந்தால் வேரும் செத்திருக்கும். சேதி கிடைத்ததும் தலவாக்கலைக்கு ரயில் ஏறினேன். விடிந்ததும், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் போய் நின்றேன்.

"கயிறை எறக்கு புள்ள."

"எல்லாம் கொட்டிருச்சுண்ணே. இனி எதைக் காப்பாத்தப் போறீங்க?"

"மொட்டையா கவ்வாத்து வெட்டுன தேயிலைச் செடியைப் பாத்து செத்துருச்சுன்னு சொல்லுவியா?"

உச்சியைத் தடவிப் பார்த்தாள். பிறகு கயிற்றைத் தோளுக்கு இறக்கினாள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு அங்கிருந்தே சத்தம் போட்டார். "தோள்ல போட்டா கை ஓடாது. தலையில போடு, இல்லாட்டி இன்னைக்குப் பேரு இல்ல, சம்பளமும் இல்ல. வீட்டுக்குப் போ!"

"சாயந்தரம் நிறுத்துப் பாருங்கய்யா. கொறஞ்சா அப்ப வெரட்டுங்க" என்றாள் செல்லம்மா.

பக்கத்தில் நின்ற காளியம்மாக்கா முக்காட்டை விலக்கித் தன் சொட்டையைக் காட்டினாள். "டாக்டர் தம்பி, இந்தக் காட்டுலயும் கொஞ்சம் நடுங்க" என்று சொல்லிக்கொண்டே தன் கயிற்றையும் இறக்கினாள். களமே சிரித்தது. கொழுந்து முற்றிக்கொண்டிருந்த நேரம், ஆள் குறைந்தால் தோட்டத்துக்குத்தான் நட்டம். கண்டாக்கு முணுமுணுத்துக்கொண்டே பேர் போட்டார்.

அன்று கொழுந்து குறைந்தது, அப்பா. ஏச்சும் வாங்கினாள், ஆள் தேவைப்பட்டதால் விரட்டவில்லை. தோளும் கன்றிப்போயிற்று. ஆனாலும் மறுநாள் தோளில்தான் மாட்டிப் போனாள். போன மாதம் பார்த்தேன். உச்சியில் கறுப்பாக முளைத்து நிற்கிறது.

ஒரு தலையை என் கத்தி சரிசெய்யும். கயிற்றை அது அறுக்காது. ஆகையால் இதை உங்களுக்கு வாக்காகத் தருகிறேன்: கேட்டு வருகிற தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் நடுவேன். நான் நட்ட தலையில் எவனாவது மறுபடி கயிற்றை ஏற்றச் சொன்னால், அன்று என்னை ஆஸ்பத்திரியில் தேட வேண்டாம். பெரட்டுக் களத்தில் நிற்பேன்.

உங்கள் மகன், செல்லம்மாவின் அண்ணன்,
முத்தையா