உறைக்குள் போகாத சான்றிதழ்

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலம்தானே? இந்த நாட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. என் மாணவர்கள் எல்லோரும் இங்கே பிழைக்க வந்து ஆங்கிலம் படிப்பவர்கள், என்னைவிடப் பெரியவர்கள். ஒரு பஸ் டிரைவர், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் அம்மா ஒருவர், இரண்டு தச்சர்கள். முதல் நாள் இறந்தகாலத்தை நாற்பது நிமிஷம் விளக்கினேன். பலகை நிறைந்துவிட்டது. முடிந்ததும் டிரைவர் அரைகுறை ஆங்கிலத்தில், "டீச்சர், வயிறு வலிக்குதுன்னு டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது?" என்று கேட்டார். எனக்கு முகம் தொங்கிப்போனது. மறுநாள் அவர்களையே டாக்டராகவும் நோயாளியாகவும் உட்காரவைத்தேன். வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. ஆனால் எல்லோரும் வாயைத் திறந்தார்கள்.

ஒரு உதவி. உன் பள்ளியில் நான்கு வருஷம் பாடம் எடுத்தேன் அல்லவா, அதற்கு ஆங்கிலத் துறைத் தலைவி என்ற முறையில் நீ கையெழுத்திட்ட சான்றிதழ் இங்கே அலுவலகத்தில் அசலாக வேண்டுமாம். ஜூலை கடைசிக்குள் வராவிட்டால் வகுப்பை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

உன் வாலு

ஜூன் 24

வாலுவுக்கு அக்கா எழுதுவது.

உன் கடிதத்தை அம்மா தெருவுக்கே வாசித்துக் காட்டிவிட்டாள். எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. வயிற்றுவலி எல்லாம் ஒரு பாடமா? நான் பதினான்கு வருஷமாகப் பலகையில் எழுதித்தான் நடத்துகிறேன். என் பிள்ளைகள் ஒருவரும் தோற்றதில்லை. ஆனால் உன் பள்ளிக்காரர்கள் இங்கே வந்து ஆள் எடுத்தபோது, மாதிரி வகுப்பில் என்னைப் பத்தாவது நிமிஷம் நிறுத்தி, "நீங்களே பேசிக்கிட்டிருக்கீங்க, பிள்ளைங்க எப்பப் பேசுவாங்க?" என்றார்கள். அடுத்து நீ உள்ளே போனாய், சிரித்துக்கொண்டே வெளியே வந்தாய். உனக்கும் ஒரு விண்ணப்பப் படிவம் சேர்த்து வாங்கி வந்தது நான்தான். புத்தி கெட்ட வேலை. வேடிக்கையாகத்தான் சொல்கிறேன்.

சான்றிதழை அனுப்பிவிட்டேன்.

அக்கா

ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

சான்றிதழ் வரவே இல்லை. தபால் நிலையத்துக்கு மூன்று தடவை நடந்துவிட்டேன். வகுப்பைப் புதிதாக வந்த ஒருத்தியிடம் கொடுத்துவிட்டார்கள். நான் முன்னறையில் உட்கார்ந்து வருகைப் பதிவு எழுதுகிறேன். டிரைவர் தினமும், "ஏன் டீச்சர் உள்ள வரல?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். கண்ணாடிக் கதவு வழியாக அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவள் பாடம் எடுக்க ஆரம்பித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, கையில் காகிதம் இருக்கிறது. அவளுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளாதா என்று நேற்று நினைத்தேன். வயிறு எரிகிறது அக்கா. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

தபால் ரசீது இருந்தால் அனுப்பு. விசாரித்துப் பார்க்கிறேன்.

உன் வாலு

ஆகஸ்ட் 19

வாலு,

ரசீது இல்லை. நான் தபாலில் போடவே இல்லை.

உன் முதல் கடிதம் வந்த அன்றே தட்டச்சு செய்து, கையெழுத்தும் முத்திரையும் வைத்துவிட்டேன். உறையில் உன் முகவரியை எழுதும்போது கை நின்றுவிட்டது. நாளைக்கு, நாளைக்கு என்று மேஜை இழுப்பறையிலேயே கிடந்தது. ஜூலை முடிந்த மறுநாள் மதியம் வயிறாரச் சாப்பிட்டேன், வாலு. அதை நினைத்தால்தான் இப்போது சோறு இறங்கவில்லை.

நீ பொறாமைப்பட்டாலும் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு நின்றாய். நான் செய்தே விட்டேன்.

சான்றிதழ் இதனுடன் இருக்கிறது. அம்மாவுக்குத் தெரியாது. சொல்வதும் விடுவதும் உன் இஷ்டம்.

அக்கா

செப்டம்பர் 10

அக்காவுக்கு,

சான்றிதழ் கிடைத்தது. அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அடுத்த பருவத்தில் இடம் இருந்தால் பார்ப்பார்களாம்.

கொடுப்பதற்கு முன் படித்தேன். 'இவரைவிடச் சிறந்த ஆசிரியரை என் துறையில் நான் கண்டதில்லை' என்று எழுதியிருக்கிறாய். ஒரு வரிகூடப் பொய்யில்லாமல் எழுதி, அதையே இழுப்பறையில் போட்டு மூட உனக்கு எப்படி மனசு வந்தது?

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். திட்டித் தீர்த்தால் ஆறிப்போகும். ஆறவிட எனக்கு இப்போது மனசில்லை.

அம்மாவிடம் சொல்ல மாட்டேன். அவள் தாங்க மாட்டாள். அவள் உடம்பைப் பற்றி எழுது, வீட்டைப் பற்றி எழுது, தவறாமல் பதில் போடுவேன். வகுப்பில் நடப்பதை மட்டும் இனி உனக்கு எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
உன் தங்கை