என் கணவருக்கு இந்தப் பக்கத்து வரியைப் போடும்படி

அனுப்புபவர்:
முப்பிடாதியம்மாள்,
மேலத் தெரு, தென்காசி.

பெறுபவர்:
வருமான வரி அதிகாரி அவர்கள்,
திருநெல்வேலி.

விஷயம்: செங்கோட்டையில் மிளகு வியாபாரம் செய்யும் என் கணவரைத் தென்காசிவாசியாகக் கணக்கில் எடுத்து முழு வரி விதிக்கக் கோருதல்.

கனம் பொருந்திய ஐயா,

வரியைக் குறைக்கச் சொல்லித் தங்களுக்கு வரும் மனுக்கள் ஏராளமாக இருக்கும். இது வரி போடச் சொல்லி எழுதும் மனு. தயவுசெய்து கடைசி வரை வாசிக்க வேண்டுகிறேன்.

1. என் கணவரின் கடை திருவிதாங்கூரைச் சேர்ந்த செங்கோட்டையில் இருக்கிறது. வீடு பிரிட்டிஷ் எல்லைக்குட்பட்ட தென்காசியில். நடுவில் ஒரு ஸ்டேஷன் தூரம்தான். அங்கே வரி விகிதம் குறைவு. தென்காசியில் வீடு வைத்துக்கொண்டு வருஷத்தில் ஒரு நாள் இங்கே கால் வைத்தாலும், அங்கே சம்பாதிப்பதற்கும் சேர்த்து இங்கே வரி கட்ட வேண்டும் என்று அவருடைய கணக்கர் சட்டம் சொல்லிவிட்டார். அதிலிருந்து அவர் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். இரண்டு வருஷமாகிறது.

2. நான் அங்கே போய்க் குடியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். என் மாமனார் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். இந்த வீட்டை விட்டு நகர மாட்டேன் என்கிறார். கதவுச் சத்தம் கேட்டால் மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். வந்தது நான்தான் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போவது எனக்குப் பெரிய வேதனையாக இருக்கிறது.

3. இந்த வரியைப் பற்றி எங்கள் தெருவில் பேசாதவர்கள் இல்லை. "அங்கன வரியும் கம்மி, ஆசுபத்திரியும் பெருசு. இங்கன குழாய மட்டும் நட்டு வச்சிருக்கான், தண்ணியக் காணோம்" என்று அவருக்குப் பரிந்து பேசுகிறார் பலசரக்குக் கடை வேல்சாமி அண்ணாச்சி. வரி கட்டாமல் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பது என் கட்சி. வருமான வரி டில்லிக்குப் போகிறது, குழாய் பஞ்சாயத்து போர்டைச் சேர்ந்தது என்று அண்ணாச்சி சிரிக்கிறார். டில்லியிலிருந்து கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிவிட்டால் குறைந்தா போய்விடும்? மாமனாரைக் குளிப்பாட்ட இரண்டு தெரு தள்ளிப் போய்த் தண்ணீர் சுமக்கிறேன். ஒரு குடம் இறக்கி வைக்கக்கூட வீட்டில் வேறு ஆள் இல்லை.

4. இனி என் புகார். போன ஆடி மாதம், நல்ல சாரல் நாளில், என் கணவர் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தார். தகப்பனார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டார். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். எதிர்வீட்டு ஜாஹிரா பீவி பார்த்திருக்கிறார். கேட்டால் சாட்சி சொல்வார். ஆகவே இந்த வருஷத்து வரி அவர்மேல் ஏற்கெனவே விழுந்துவிட்டது. நோட்டீஸ் அனுப்புவதுதான் பாக்கி. அந்தச் சிறிது நேரத்தை நினைத்துக்கொண்டே நாளைத் தள்ளுகிறேன். மறுபடியும் வர மாட்டாரா என்று ஏங்குகிறேன், ஐயா.

5. புருஷன் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. அதில் ஊர்ப் பெயரும் கலந்திருப்பதால் குற்றாலத்தைக்கூட இத்தனை காலமும் ‘அருவிக்கரை’ என்றே சொல்லிவருகிறேன். ஆனால் நோட்டீஸ் வேறு யாருக்காவது போய்விடக் கூடாதே. அவர் பெயர் குற்றாலிங்கம். எழுதிவிட்டேன்.

முழு வரியையும் விதித்துவிட்டால், பிறகு அவர் எத்தனை நாள் இங்கே தங்கினாலும் மேற்கொண்டு ஒரு காசு நஷ்டமில்லை. ஆகையால் அதிகாரி சமூகம் அவர்கள் தாமதமின்றி நோட்டீஸ் அனுப்ப வேண்டுகிறேன். அதன் பிறகும் அவர் வராமலிருந்தால், தடுத்தது வரி இல்லை என்பதையாவது நான் தெரிந்துகொள்வேன்.

தென்காசி,
28-8-1941.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
முப்பிடாதியம்மாள்
(சொந்தக் கையெழுத்து)