முப்பதுக்கு முப்பது

ஜூலை 8
அம்பத்தூர் கோச்சிங்கில் பிசிக்ஸ் டெஸ்ட். முப்பதுக்கு முப்பது எனக்கு மட்டும்தான். அதனால் அடிக்கிற வேலையும் எனக்கு. சம்பந்தம் சாரின் சட்டம் அது: முதல் மார்க் வாங்கியவன், பதினைந்துக்குக் கீழே எடுத்தவர்களைக் கன்னத்தில் அறைய வேண்டும். வரிசையில் முதல் ஆள் தேவா. என் தேவா! “மெல்லமா போடு மச்சான், ஊட்ல வேற வாங்கணும்” என்றான். தடவிவிட்டு நகர்ந்தேன். சார் எழுந்து வந்து எனக்கு விட்டார் ஓர் அறை. “இப்படி அடிக்கணும்டா இளங்கோ.” பொறி கலங்கிவிட்டது. அந்த ஆத்திரத்தையெல்லாம் தேவா கன்னத்தில்தான் காட்டினேன். பாவி நான்.

ஜூலை 10
இன்றும் நான்தான் முதல். இன்றும் அடித்தேன்.

ஜூலை 11
ரயிலில் ஒரு கணக்கு எனக்கு வரவே இல்லை. தேவா நாலே வரியில் போட்டுக் காட்டினான். “அப்புறம் டெஸ்ட்ல மட்டும் உனக்கு என்னடா கேடு?” என்று கத்தினேன்.
“உன் கையத்தான் பாத்துகினு கீறேன் மச்சான். கணக்கு எங்க தோணும்?”
செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. நாளை வேண்டுமென்றே தப்பாக எழுதப்போகிறேன். சத்தியம்.

ஜூலை 12
தப்பாக எழுதவில்லை. அப்பா பேக்டரி முழுக்க என் மார்க்கைச் சொல்லிவைத்திருக்கிறார். ஒரே ஒரு விடையையாவது மாற்றியிருக்கலாமே? மனசு வரவில்லை. மறுபடியும் முழு மார்க்.
தேவாவுக்கு எட்டு. என் மேலேயே எனக்கு வெறி. ஓங்கி விட்டேன் — கன்னம் தப்பி இடது காதில் விழுந்தது. சுவரில் மோதி உட்கார்ந்துவிட்டான். காதிலிருந்து ரத்தம். சார் நாற்காலியை விட்டு எழவில்லை. “ம், அடுத்தவன் வா.”
அடுத்தவனா? யோவ், மனுஷனாய்யா நீ! மேஜையோடு சேர்த்து அந்த ஆளைத் தள்ளினேன். அந்த ஆளின் மூக்கு உடைந்தது. இரண்டு வாத்தியார்கள் என்னைக் கீழே போட்டு மிதித்தார்கள். வலிக்கவே இல்லை.

ஜூலை 14
கோச்சிங்கிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அப்பா பெல்ட்டை எடுத்தார். தேவாவுக்குச் செவிப்பறை கிழிந்திருக்கிறதாம்.

ஜூலை 27
வேப்பம்பட்டில் தேவா வீட்டுக்குப் போனேன். திட்டுவான் என்று பார்த்தால், “வா மச்சான், இன்னா இவ்ளோ லேட்டு?” என்றான். நான் பேசினால் வலது காதை என் பக்கம் திருப்பித்தான் கேட்கிறான். இனி வீட்டிலேயே படிக்கிறானாம். பழைய கேள்வித்தாள் ஒன்றை எடுத்து, சிரித்துப் பேசிக்கொண்டே எல்லாக் கணக்கையும் போட்டுவிட்டான். ஒன்றுகூடத் தப்பில்லை! சந்தோஷம் தாங்காமல் தோளில் தட்டக் கையைத் தூக்கினேன்.
அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டிவிட்டான்.
“கொசு மச்சான்” என்றான் அப்புறம்.