டைட்டன் வானில் மின்னேற்றம் நின்றது

10:05 – வழக்கமான பறப்பு
விமானி இசக்கியம்மாள். சனிக்கோளின் நிலவான டைட்டன். வடகரை முகாமிலிருந்து தலைமை நிலையத்துக்கு. வெளியே வழக்கமான ஆரஞ்சு மூட்டம், கீழே மீத்தேன் ஏரி, பார்த்துப் பார்த்து அலுத்தது. பின்னால் எங்கள் துளைப்பொறியாளர் ஜெரால்டு அண்ணன், பாறை விழுந்து நெஞ்செலும்பு நொறுங்கியவர். சூடும் மூச்சும் தரும் பெட்டிக்குள் படுத்திருக்கிறார். பெட்டி விமானத்தின் மின்சாரத்தில் ஓடுகிறது. எல்லாம் சரி.

10:40 – மின்னழுத்தம் குறைவு
எல்லாம் சரியில்லை. திரை மங்குகிறது. ஜெனரேட்டர் நின்றால் சிவப்பு விளக்கு எரிய வேண்டுமே? தேடினேன். நேற்று ஆயுத பூஜை. முகாமே வரிசையில் நின்று விமானத்துக்குப் பொட்டு வைத்தது. விளக்கின் மேல் சந்தனம் அப்பிக் காய்ந்திருக்கிறது. சுரண்டினேன். உள்ளே பாவம், எவ்வளவு நேரமாக எரிகிறதோ.

10:46 – மறுமுயற்சி
ஜெனரேட்டரை அணைத்து ஒருமுறை போட்டேன். உயிர் வந்தது, போனது. மறுபடி போட்டால் ஒயர் கருகும். இனி பேட்டரி மட்டும்தான். விமானத்தைத் தள்ளும் விசிறி மோட்டாரும் அதில்தான்.
நிலையத்திலிருந்து ரபீக்: "இசக்கி, தேவையில்லாதத பூரா அணைச்சிரு. உயரத்த விட்றாத."
நான்: "வாரேன் அண்ணாச்சி. ஓடுபாதை விளக்கப் போட்டு வையுங்க."

11:10 – அணைத்தவை
ராடார், விளக்குகள், அறைச்சூடு. வெளியே மைனஸ் 180 டிகிரி, இனி எனக்கு உடையின் சூடு மட்டும்தான். எதிர்க்காற்று வேறு, நேரங்கெட்ட நேரத்தில்.
ஜெரால்டு அண்ணன், ஒலிவாங்கியில்: "ஏட்டி, என் பெட்டிய அணைச்சிரு. நீயாவது போய்ச் சேரு."
நான்: "சும்மா கெடங்கண்ணே. வாய மூடிட்டு மூச்சு விடுங்க."
அவர் விடவில்லை. ஒலிவாங்கியை அணைத்தேன். மின்சாரமும் மிச்சம், வாக்குவாதமும் மிச்சம்.

11:32 – ரேடியோ
ரபீக்: "ரேடியோவும் போயிட்டா உன்ன எங்கன்னு தேட?"
நான்: "ஏரிக்கரையோரமாவே வாரேன். கரைய விடாம தேடுங்க."
அணைத்தேன். இந்த அமைதி பிடிக்கவில்லை. காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன்.

11:50 – மோட்டார்
மோட்டாரையும் நிறுத்திவிட்டேன், பெட்டிக்குப் பேட்டரி மிஞ்ச வேண்டும். இங்கே காற்று கனம், மிதந்தே வெகுதூரம் போகலாம். நிலையத்துக்கு எட்டாது. மிச்சம் ஓடுவது பெட்டி, என் உடையின் சூடு, இந்தக் குறிப்பேடு.
உடையின் சூட்டை அணைத்தேன். யோசித்தால் செய்ய மாட்டேன், அதனால் யோசிக்கவில்லை.

12:20 – தரை
இறங்கிவிட்டோம். ஏரிக்கரை மணல். சக்கரம் ஒடிந்தது, பெட்டி ஒடியவில்லை. அதன் சத்தம் கேட்கிறது, உஸ், உஸ்.

நேரம் தெரியவில்லை
விரல் மடங்கவில்லை. வாயால் சொல்கிறேன். பயமாக இருக்கிறது. ரொம்ப.
வருகிறவர்களுக்கு. பின்கதவை முதலில் திறங்கள். பெட்டிக்கு உங்கள் மின்சாரத்தைக் கொடுங்கள். முன்னால் வந்து என்னைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், அதில் ஆகப்போவது ஒன்றுமில்லை. அண்ணன் திட்டுவார், திட்டட்டும்.
பெட்டியின் சத்தம் மெலிகிறது. இந்தக் குறிப்பேடும் கொஞ்சம் கரண்ட் தின்கிறது. அணைக்கி